வாடகைப் பக்கம்

ராஜா அண்ணாமலைபுரம்
ஜூன் 3, 2024

அன்புள்ள வஜ்ஜு,

நன்னா இருக்கியா? குழந்தை ஆயத்துக்குப் பரீட்சை முடிஞ்சுதா? ஃபோன்ல பேசினா பாதியை மறந்துடறேன், அதான் மெயில்.

நம்ம வாடகை வீட்டு ஃபேஸ்புக் குரூப்ல நாற்பதாயிரம் பேர் சேர்ந்துட்டாடி! காலேஜ் முடிச்ச கையோட பாண்டி பஜார் பிரௌசிங் சென்டர்ல உக்காந்துண்டு ஒரு பக்கம் போட்டோமே, அதுதான் இப்படி வளர்ந்திருக்கு. அப்போ வீட்டுக்காரா ஃபோன்ல சொல்லணும், நீ டைப் அடிச்சு ஏத்தணும். அப்புறம் கெஸ்ட்புக் வெச்சோம், கமென்ட் வந்தது. இப்போ அவாளே போட்டு அவாளே பேசிக்கறா.

நீ இருக்கற வீட்டை இடிக்கப் போறாளாமே? குரூப்ல போடேன். நம்ம குரூப்தானே!

உன் மது

தி.நகர்
ஜூன் 9

மதுவுக்கு சலாம்.

போட்டேன். உன் பக்கத்துலயே இருக்கலாம்னு, ராஜா அண்ணாமலைபுரத்துல எனக்கும் பொண்ணுக்கும் ரெண்டு ரூம் வேணும்னு கேட்டேன். கீழே பார்த்தியா? ‘பேரைப் பார்த்தாலே தெரியுது, இங்க எதுக்கு வர்றீங்க’ன்னு ஒருத்தர். ‘பிரியாணி வாசனைக்கு வேற ஏரியா பாரும்மா’ன்னு ஒரு அம்மா. அதுக்கு எத்தனை பேர் சிரிச்சு வெச்சிருக்காங்க! ஆயத் படிச்சுட்டு சாப்பிடாம படுத்துட்டா.

‘சைவம் மட்டும்’னு கேட்டா அந்த விளம்பரத்தை ஏத்தக்கூடாதுன்னு முதல்ல சொன்னதே நீதான். ஒருத்தர் கத்தினப்போ என் கையிலேருந்து ஃபோனைப் பிடுங்கி, ‘அப்படின்னா வேற இடம் பாருங்கோ மாமா’ன்னு வெச்சியே! எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா?

அட்மின் நீ. அந்தக் கமென்டை எல்லாம் எடுத்துடு. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும் மது.

வஜ்ஜு

ராஜா அண்ணாமலைபுரம்
ஜூன் 10

வஜ்ஜு,

கோச்சுக்காதேடி. ஒரு கமென்டை எடுத்தா இன்னும் நூறு பேர் கிளம்புவா. பழைய பக்கம் மாதிரி எல்லாம் நம்ம கையில இல்லையே! அதான் உன் போஸ்ட்டையே எடுத்துட்டேன். உன் நல்லதுக்குத்தான். உங்கவா நிறைய இருக்கற பக்கம் கேட்டுப் பாரேன், உனக்கு அங்கே சுலபமாக் கிடைக்கும்.

மது

தி.நகர்
ஜூன் 21

மதுவந்திக்கு,

உங்க மாடி போர்ஷன் ஏப்ரல்லேருந்தே காலியா இருக்குன்னு நேத்து குரூப்ல பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ரெண்டு ரூம், நல்ல தண்ணி, சைவக் குடும்பத்துக்கு மட்டும். உன் புருஷன் சுந்தரராமன் பேர்ல இருக்கு. அவர் போட்டதுன்னு சொல்லுவே. அனுமதி குடுத்த அட்மின் இடத்துல உன் பேர் இருக்கே, அதுக்கு என்ன சொல்லுவே?

தலைக்கு மேல வீட்டைக் காலியா வெச்சுக்கிட்டு, என்னை அந்தக் கூட்டத்துல போய்க் கேளுன்னு அனுப்பிச்சியே, உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு? ‘எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க வஜ்ஜு’ன்னு நேரா சொல்லியிருந்தா, அழுதுட்டு அப்படியே விட்டிருப்பேன். கமென்ட் போட்டவங்க மேல எனக்குக் கோபம்கூட இல்ல. அவங்களுக்கு என்னைத் தெரியாது.

வீடு கிடைச்சிடுச்சு. சாமானை ஏத்திக்கிட்டிருக்காங்க. ஆயத் உன் விளம்பரத்தை இன்னும் பார்க்கலை. ‘மது ஆன்ட்டிக்குப் புது அட்ரஸ் அனுப்பட்டுமா’ன்னு இப்பத்தான் வந்து கேட்டா.

வேணாம்னுட்டேன்.

வஜீஹா