மூடியில்லாத நீலப் பாட்டில்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் வேலை பார்க்கும் இடத்துக்குப் பழைய சாமான் கடையிலிருந்து வந்த பாட்டில் சாக்கைப் பிரித்ததும் முதலில் வந்தது வாசனைதான். உன் சென்ட் வாசனை. கிளறிப் பார்த்தால் அடியில் அந்த நீலப் பாட்டில், மூடியில்லாமல். ஒருமுறை நான் கைநழுவவிட்டு உன்னிடம் அடி வாங்கினேனே, அப்போது சில்லு பெயர்ந்த தடம் அதன் கழுத்தில் அப்படியே இருந்தது. நீ மாமாவோடு வீட்டை விட்டுப் போனபின் உன் பொருட்களை அப்பா பரணில் கட்டி வைத்திருக்கிறார் என்றுதான் இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் நலம். படிப்பை விட்டபின் ஒரு பட்டறைக்குப் போகிறேன். பழைய பாட்டில்களை உடைத்து, தீயில் உருக்கி, கம்பியில் சுற்றி மணியாக்குகிறோம். அதில் மாலையும் தோடும் செய்கிறோம். இங்கே எனக்கு ஊமைக் கோட்டான் என்று பெயர். "வாயிலயும் மணி கோத்து வச்சிருக்கியாடி?" என்று பக்கத்து மேசைக்காரி கிண்டல் செய்வாள். வீட்டில் அப்பா "சாப்டியா?" என்பார். நான் "ம்" என்பேன். அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

உன் பாட்டிலை உடைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். அப்பாவின் இருமல் மருந்துப் பாட்டில் ஒன்றையும் எடுத்துப் போயிருந்தேன். அந்தப் பழுப்பையும் உன் நீலத்தையும் ஒரே மணியாகச் சுற்றினேன். மேசைக்காரி பார்த்துவிட்டாள். "ரெண்டு பாட்டில் கண்ணாடி சேராதுடி. சூட்டுல சேர்ந்த மாதிரி பாசாங்கு பண்ணும், அப்புறம் விட்டுடும்." நான் கேட்கவில்லை. சூளையில் மெல்ல ஆறி, மறுநாள் முழுசாகத்தான் வந்தது. அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். உன்னைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். டிக்கென்று ஒரு சத்தம். மணி இரண்டாகக் கிடந்தது. நீலம் ஒருபக்கம், பழுப்பு ஒருபக்கம்.

அப்பா நீலத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அவ பாட்டிலா?" என்றார். நீ போனபிறகு உன்னைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சவரப் பெட்டியிலிருந்து எதையோ எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். உன் பாட்டிலின் நீலக் கண்ணாடி மூடி.

"எல்லாத்தையும் பழைய சாமான் கடையில போட்டுட்டேன். இது மட்டும்..." என்று நிறுத்தினார். பிறகு, "இது அதோட சேருமா?" என்றார்.

"ஒரே பாட்டில்தானேப்பா, சேரும்" என்றேன்.

அப்படிச் சேர்த்த மணி இந்தக் கவருக்குள் இருக்கிறது. ஐந்து நாள் ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். விரிசல் இல்லை. அப்பாவுக்கு இருமல் இன்னும் விடவில்லை. மாமாவை நான் கேட்டதாகச் சொல். நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

கவரை ஒட்டிவிடுவேன், விலாசம் மட்டும் நான் எழுதப்போவதில்லை. போகும்போது என் கையில் திணித்தாயே, அந்த விலாசச் சீட்டையும் ஒரு பேனாவையும் கவரோடு அப்பாவின் சவரப் பெட்டி மேல் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன்.

உன் தங்கை