ஐந்துக்குப் பிறகு ஏழு

அண்ணா,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: உன் மகள் வாயைத் திறந்துவிட்டாள். இனி நிம்மதியாக மூச்சு விடு.

அவளுக்குத் தெரிந்தது அவள் அம்மாவின் ஸ்பானிஷ் மட்டும்தானே என்று, நீ அவளை இங்கே அனுப்புவதற்கு ஒரு மாதம் முன்பே நானும் கற்று, என் வாண்டுகள் இரண்டுக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். வாளி முதல் ஃபிரிட்ஜ் வரை ஸ்பானிஷ் பெயர் எழுதித் துண்டுச்சீட்டு ஒட்டினோம். கண்ணாமூச்சியில் எண்ணுவதும் ஸ்பானிஷில்தான். அவளோ வந்து மூன்று நாளாகக் கதவுக்குப் பின்னால் ஊமையாக நின்றாள்.

நேற்று சின்னவன் சுவரில் முகம் புதைத்து எண்ணினான். "உனோ, தோஸ், த்ரேஸ், குவாத்ரோ, சிங்கோ..." வழக்கம்போல ஆறை விழுங்கிவிட்டு ஏழுக்குத் தாவினான்.

கதவுக்குப் பின்னாலிருந்து "சேய்ஸ்!" என்று ஓர் அதட்டல்.

"அம்மா, அவ என்னைத் திட்டுறா!"

"திட்டட்டும்டா, நல்லாத் திட்டட்டும்!" என்றேன். பிறகு மூவரும் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரரே ஏறி வந்துவிட்டார்.

அண்ணி உயிரோடு இருந்தவரை அவரிடம் பேச இந்த மொழியில் ஒரு வார்த்தைகூட நான் கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு எட்டு வருடம் இருந்தது, அண்ணா.

சின்னவனுக்கு இப்போது ஆறு நன்றாகவே வரும். ஆனாலும் அவள் கத்துவதற்காக விட்டுவிட்டுத்தான் எண்ணுகிறான். நீ வந்தால் நீயும் ஆறை விட்டுவிடு.

உன் தங்கை