உள்ளே விட்ட துணி

என் வாலுக்குட்டிக்குப் பாட்டி எழுதுவது.

இங்கே நான், உன் அம்மா, அப்பா எல்லாரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். ஹாஸ்டலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். என் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியாயிற்று, அது தனிக்கதை.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் பெரிய மாமா மகன் கப்பல் இன்ஜினியர் பரீட்சையில் ஒரே தடவையில் தேறிவிட்டான். அவன் தங்கை, சின்ன வயதில் ஊசியைக் கண்டாலே மயங்கி விழுவாளே, அவள்தான் இப்போது நர்ஸ் படிப்பில் ஊசி போடுவதில் வகுப்பிலேயே கெட்டிக்காரி. சின்ன மாமா வீட்டு ரெட்டையில் மூத்தவன் நீச்சலில் கோப்பை வாங்கியிருக்கிறான். இளையவன் போன வருஷம் கணக்கில் பதினேழு, இந்த வருஷம் எழுபத்தொன்று. கோப்பையைவிட அதுதான் பெரிசு என்பேன் நான்.

இதையெல்லாம் நேற்றுப் பல் டாக்டர் வீட்டு வாசல் அறையில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குக் கன்னம் ஒரு பக்கம் பன் மாதிரி வீங்கியிருந்தது, ஆனாலும் வாய் நிற்கவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே. அந்த அம்மாளும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மகள் வயிற்றுப் பேத்தி ஒருத்தி உண்டு என்றீர்களே, அவள் என்ன பண்ணுகிறாள் என்று கேட்டார். உன் முதல் பரிசு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குமேல் வரவில்லை. படிக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தையோடு நான் நிறுத்தியது நீ பிறந்த இந்தப் பத்தொன்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ பாட்டீ என்று இழுத்து ஒரு அழுகை அழுதால் நான் கரைந்துவிடுவேன். காகிதத்தில் எழுதினால் நீ அழுவது எனக்குக் கேட்காது. அஞ்சாம் வகுப்போடு நின்ற கையெழுத்து இது. கோணல்மாணலாக இருந்தாலும் கடைசி வரைக்கும் படி.

லீவுக்கு வந்தபோது போனைத் தூக்கிக்கொண்டு என் கட்டிலில் வந்து விழுந்தாயே, அன்றைக்கு ஆரம்பித்தது இது. ஜப்பான் பொம்மைப் படத்தில் ஒரு பெண். மேகத்துக்கு நடுவில் இருக்கிற கலங்கரை விளக்குக்கு அவள்தான் காவல். தரையைத் தொடுகிற மாதிரி நீல மேலங்கி, காது வரை எழும்பி நிற்கிற காலர், கைப்பட்டியில் பன்னிரண்டு பொத்தான். அனிமே மாநாட்டுக்கு நாங்கள் அஞ்சு பேர் போகிறோம் பாட்டி, ஆளுக்கு ஒரு வேஷம், எனக்கு இதுதான் வேண்டும் என்றாய். இந்தக் காலரை மனுஷன் தைக்க முடியுமா என்று என்னைச் சீண்டினாய். முப்பத்துநாலு வருஷம் சட்டைக் கம்பெனியில் காலர் மட்டுமே தைத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? நீ தெரிந்துதான் கேட்டாய். எந்தப் பொத்தானை அழுத்தினால் பாட்டி ஓடுவாள் என்று உனக்குத் தெரியும்.

மூணு வாரம் தைத்தேன். பகலில் ஜன்னல் வெளிச்சம் இருக்கிற நேரமெல்லாம் மெஷின்மேல்தான். காலருக்குள் வைத்துத் தைக்கிற கெட்டித் துணி நாலு கடையில் சரியாக அமையவில்லை. அஞ்சாவது கடைக்காரன், என்ன பாட்டி, ராஜாவுக்கா தைக்கிறீங்க என்று கேட்டான். ராணிக்குடா என்றேன். நீ பக்கத்தில் படுத்துக்கொண்டு படம் பார்த்தாய். நூல் கோத்துத் தரக்கூட எழுந்திருக்கவில்லை. அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை, பிள்ளை லீவில் வந்திருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் நீ கேட்டது. நீதான் தச்சேன்னு யார்கிட்டயும் மூச்சு விடாதே பாட்டி, கடைசியில நானே மேடையில சொல்லி எல்லாரையும் அசத்தப் போறேன் என்றாய். எனக்கு ஒரு கூச்சம், ஒரு சந்தோஷம். உன் அம்மாவும், பாட்டி துணைக்கு வந்தால்தான் அனுப்புவேன் என்று ஒரே பிடியாக நின்றாள். நானும் ஊசி, நூல், சின்னக் கத்தரி, ஊக்கு எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ரயிலில் என்ன கூத்து! அட்டைக் கவசம் போட்ட அந்தப் பையனின் வாள் வாசலில் நுழையாமல், பின்னால் நின்றவர்கள் எல்லாம், தம்பி, சண்டையை இறங்கினப்புறம் போட்டுக்கலாம், வழியை விடு என்று கத்தினார்கள். உங்களோடு நானும் சிரித்துச் சிரித்து என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வயசுப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து நான் அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகிறது.

உங்கள் அஞ்சு பேரில் கண்ணாடி மட்டும் சிரிக்கவில்லை. நீங்கள் எல்லாரும் அந்தப் பெண்ணைக் கண்ணாடி என்றுதானே கூப்பிடுகிறீர்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். மடியில் தன் உடுப்பை வைத்துக்கொண்டு கைப்பட்டியைப் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் பிளாஸ்திரி. எனக்குக் கை துறுதுறுத்தது. கொண்டா கண்ணு, ரெண்டு நிமிஷத்தில் நிமிர்த்தித் தருகிறேன் என்றேன். அவள் உடுப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வேணாம் பாட்டி, நீங்க கை வெச்சா அது என்னோடது இல்லாம போயிடும் என்றாள். ஏதோ வைராக்கியம் போல என்று விட்டுவிட்டேன். நீ அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். வெளியில் என்ன இருந்தது? வெறும் சுவர்.

அந்த மண்டபத்தைப் பார்த்ததும் பயந்துதான் போனேன். பச்சை முடி, ஊதா முடி, முதுகில் இறக்கை, தலையில் கொம்பு. கழிப்பறை வரிசையில் எனக்கு முன்னால் நின்றது ஒரு பேய். அது திரும்பிப் பார்த்து, நீங்க முன்னாடி போங்க பாட்டி என்று வழி விட்டது. இவ்வளவு நல்ல பேய்களை நான் பார்த்ததே இல்லை. ஒரு பெண் வந்து என் நரைமுடியைக் காட்டி, நீங்க எந்தக் கதாபாத்திரம் பாட்டி என்று கேட்டாள். நான் காவல்காரியோட பாட்டி என்றேன். சொல்லியிருக்கக்கூடாதோ என்று உன் முகத்தைப் பார்த்ததும் நினைத்தேன். கடைசி வரிசையில் போய் உட்காரு பாட்டி, முன்னாடி சத்தம் தாங்க மாட்டே என்று சொல்லி நீயே கொண்டுபோய் உட்கார வைத்தாய்.

மேடையில் நடுவர்கள் மூணு பேர். முதலில் அவர்கள் விதிகளைச் சொன்னபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பார்த்தால், அந்தக் குட்டைமுடி நடுவரம்மா ஒவ்வொருவர் உடுப்பையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்கிறார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முப்பத்துநாலு வருஷத்தில் என் தையலின் உள்பக்கத்தை சூப்பர்வைசரைத் தவிர ஒருவரும் பார்த்ததில்லை. அதுவும் குறை கண்டுபிடிக்கத்தான். இவரோ உன் மேலங்கியின் காலரை விரலால் நீவி நீவிப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். மைக்கை உன்னிடம் நீட்டினார். இதோ சொல்லப் போகிறாள் என்று நான் முடியை ஒதுக்கிக்கொண்டு, எழுந்து நிற்கத் தோதாக நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

போட்டி விதிப்படி இதை வெட்டினது, தைத்தது எல்லாம் நீங்களேதானே என்று அவர் கேட்டார். அப்போதுதான் எனக்கு அது என்ன போட்டி என்றே தெரிந்தது. ஆமாம், நானேதான் என்றாய்.

பக்கத் தையலில் ஒரு அங்குலத் துணி கூடுதலாக உள்ளே விட்டிருக்கிறீர்களே, வேஷ உடுப்பில் யாரும் இப்படி விடமாட்டார்களே, ஏன் என்று கேட்டார். நீ கொஞ்சம் விழித்தாய். தெரியாம விட்டுட்டேன் மேடம், தப்புதான் என்றாய்.

அடி பாவி, அது தப்பா? நீ இன்னும் சதை போடுகிற வயது. ரெண்டு வருஷம் கழித்துப் பிரித்துவிட்டுப் போட்டுக்கொள்வாய் என்று அளந்து விட்ட துணி அது. உன் பள்ளிக்கூடச் சட்டை எல்லாவற்றிலும் அப்படித்தான் விட்டேன், ஒவ்வொரு வருஷமும் பிரித்துவிட்டேன். அதிலேதான் நீ வளர்ந்தாய்.

அதோடு முடிந்ததா? வீட்டில் யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று அவர் கேட்டார். எங்க வீட்டுல யாருக்கும் ஊசி பிடிக்கக்கூடத் தெரியாது, வீடியோ பார்த்து நானே கத்துக்கிட்டேன் என்றாய். மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன். எல்லாரும் தட்டும்போது சும்மா இருந்தால் யாராவது பார்த்துவிடுவார்களே என்று தட்டினேன்.

வளர்த்த கடா மார்பில் பாயும் என்று கேட்டிருக்கிறேன். பாயும்போது வலி இத்தனை மெதுவாக வரும் என்று யாரும் சொல்லவில்லை. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. உன் தோள்பட்டையில் ஒரு இடம் சுருங்கியிருக்கிறது, நீவிவிட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு முதல் பரிசு, கண்ணாடிக்கு ரெண்டாவது. முதல் பரிசுக்காரிக்கு நாடகக் கம்பெனியின் உடுப்புக் கூடத்தில் ஆறு மாசம் வேலைப் பயிற்சி, அடுத்த மாசம் ஒன்றாம் தேதி சேர வேண்டும், அவள் வராவிட்டால் ரெண்டாவது ஆளைக் கூப்பிடுவார்கள் என்று மைக்கில் சொன்னார்கள். நீ போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாய். அந்த நேரத்தில் நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

கண்ணாடி என்னைத் தேடிக் கடைசி வரிசைக்கு வந்தாள். அழுதிருந்தாள், ஆனால் துடைத்துவிட்டு வந்திருந்தாள். பாட்டி, ரயில்ல என் உடுப்பை நிமிர்த்தித் தர்றேன்னீங்களே, உங்களுக்குத் தைக்கத் தெரியுமா தெரியாதா என்று கேட்டாள். குறுக்கு விசாரணை மாதிரி இல்லை. தெரியாது என்று நான் சொல்லிவிட வேண்டும் என்று அவளே வேண்டிக்கொள்கிற மாதிரி இருந்தது. நீ அவளுக்கு அவ்வளவு பெரிய சிநேகிதி போலிருக்கிறது.

பொத்தான் தைப்பேன் கண்ணு, அவ்வளவுதான் என்றேன்.

அவள் என் வலது ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். ஊசி ஏறி ஏறிக் காய்த்துப்போன விரல். நான் கையை மடக்கிக்கொண்டேன். சரி பாட்டி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திரும்பி வருகிற ரயிலில் எனக்கு ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுத்தவளும் அவள்தான்.

ஆக, நீ என்னை இல்லை என்றாய், நானும் என்னை இல்லை என்றேன். நீ சொன்ன பொய்யும் நான் சொன்ன பொய்யும் ஒரே துணியில் வெட்டினவை. உன்மேல் கோபம் எவ்வளவு இருக்கிறதோ அதில் பாதி என்மேலும் இருக்கிறது. ஆனால் நான் பொய் சொன்னது உனக்காக. நீ யாருக்காகச் சொன்னாய்?

உன் அம்மா வேஷத்துக்குத்தான் பரிசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மாநாட்டுக்காரர்களின் விலாசம் என் நுழைவுச்சீட்டிலேயே இருக்கிறது. நாலு வரி எழுதிப் போட எனக்கு எவ்வளவு நேரமாகும்? போடமாட்டேன். நான் சொன்னால் நீ மாட்டிக்கொண்டவள். நீயே சொன்னால் தப்புச் செய்து திருத்திக்கொண்டவள். அந்த வித்தியாசம் உனக்குக் கிடைக்கட்டும் என்றுதான் பொறுத்திருக்கிறேன். ஒன்றாம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள். அந்த இடம் பிளாஸ்திரி போட்ட விரலுக்கு உரியது. நீ அங்கே போய் உட்கார்ந்தால் முதல் நாளே மெஷினில் நூல் சுற்றின பாபினை எங்கே போடுவது என்று தேடுவாய், அது வேறு அவமானம்.

மேலங்கியைத் திருப்பி அனுப்பாதே. அது உனக்காகத் தைத்தது, உனக்குத்தான். பாட்டி கோபமாக இருக்கிறாள் என்று சாப்பிடாமல் இருக்காதே. குளிரில் வெறுங்காலோடு நடக்காதே.

நல்லா இரு. நாலு பேர் முன்னால் நிமிர்ந்து பார்க்கிற கண்ணோடு நல்லா இரு. பதில் எழுத வேண்டாம், மன்னிப்பு கின்னிப்பு என்று பக்கம் பக்கமாக வேண்டவே வேண்டாம். ஒன்றாம் தேதிக்கு அப்புறம் புதிதாக ஒரு போட்டோ எடு. வேஷம் வேண்டாம், சாதாரண உடுப்பில். நீயும் கண்ணாடியும் மட்டும் இருக்க வேண்டும். அவள் சிரிக்காவிட்டால் பரவாயில்லை, தள்ளி நின்றாலும் பரவாயில்லை, ரெண்டு பேரும் ஒரே படத்தில் இருந்தால் போதும். என் பழைய கண்ணுக்குப் போனில் தெரியாது. காகிதத்தில் போட்டு, என் பேருக்கே தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
ஊசி பிடிக்கத் தெரிந்த உன் பாட்டி