வெடித்த தோட்டம்

கார்த்திகை, செவ்வாய் இரவு. கலஹா பள்ளிக்கூட மண்டபம்.

காலையில் எங்கள் தோட்டத்தில் நூலாக ஓடிய நிலவெடிப்பு, மாலைக்குள் கை நுழையும் அளவுக்கு அகன்றுவிட்டது. வீட்டை விட்டு உடனே கிளம்பும்படி கிராம சேவகர் சொன்னார். என் கணவரோ மழையில் நின்று, சாய்ந்த போஞ்சிக் கொடிகளுக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார். தினமும் வேலை விட்டு வந்ததும் மகளைத் தோளில் தூக்கி அந்தப் பிஞ்சுகளைக் காட்டுவார். அப்போதுதான் அவர் சிரித்துப் பார்க்கலாம்.

"வாங்க, போயிறலாம்," என்று கெஞ்சினேன்.

"தேயிலைக் கம்பெனிக்காரன் குடுத்த லயத்து வீட்டுல பொறந்தவன் நான். எனக்குன்னு இருக்குற மண்ணு இது ஒண்ணுதான். நீ புள்ளயக் கூட்டிட்டுப் போ."

கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டார். மகளை மட்டும் தூக்கிக்கொண்டு, ஊர் சனம் தங்கியிருக்கும் இந்த மண்டபத்துக்கு வந்தேன்.

"அப்பா எப்பம்மா வருவாரு?" என்று கேட்டுக் கேட்டே மகள் தூங்கிவிட்டாள். மழை விடவில்லை. எங்கள் வீட்டுக்கு மேலே போகும் பாதையில் மண் சரிந்துவிட்டதாம். இனி இங்கே உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. பிள்ளையை இங்கே தங்கியிருக்கும் அண்ணியிடம் விட்டுவிட்டு, டோர்ச்சை எடுத்துக்கொண்டு அவரிடம் போகிறேன்.