சுடாத பவளங்கள்

போன கிழமை பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் திறந்ததும் மணம் முகத்தில் அடித்தது. வெயிலில் மூன்று நாள் கிடந்த சிப்பியின் மணம். செருப்பைக் கழற்றாமலே உள்ளே போய்க் கண்ணாடித் தொட்டியைப் பார்த்தேன். உங்கள் கொம்புப் பவளம் அடியிலிருந்து நுனிவரை வெளுத்துப்போய், அதன் தசை நனைந்த கடதாசிபோல் உரிந்து தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

அதைக் கொன்றது நான்தான். முதல் நாள் காலை வேலைக்குப் புறப்படும்போது தொட்டித் தண்ணீரை ஓடவைக்கும் மோட்டரின் சுவிட்சை நானே நிறுத்திவிட்டுப் போனேன். யோசித்துச் செய்ததில்லை, கை போனது. பின்னேரம் வந்து திரும்பவும் போட்டேன். ஒரு பகல் அதற்குப் போதுமாயிருந்தது.

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. துறைமுகத்தில் வேலையில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்களாம். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர முன்னமே எல்லாம் முடிந்திருந்தது. முப்பத்தோராம் நாள் வரை வீடு நிறைய ஆட்கள். வந்தவர்கள் எல்லோரும் தொட்டிக்கு முன்னால் நின்று, "எவ்வளவு பொறுமையான மனுசன்" என்றார்கள். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

பொறுமையானவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. தொட்டி வாங்கி, துறைமுகத் தண்ணீரில் எண்ணெய் இருக்குமென்று உப்புவெளிப் பக்கம் போய்ப் பிளாஸ்டிக் கானில் கடல் தண்ணீர் அள்ளி வந்து நிரப்பி, அதற்குப் பிறகும் தண்ணீர் பழகட்டுமென்று மாதக்கணக்கில் ஒரு பவளமும் வைக்காமல் காத்திருந்தீர்கள். கடலிலிருந்து ஒரு துண்டுகூட முறிக்க மாட்டீர்கள். படகுக்காரர் ஒருவர் உயிரோடு முறித்து வாளியில் கொண்டு வந்தபோது, "கடலை முறிச்சு என்ர வீட்டை வடிவாக்க வேண்டாம்" என்று சொல்லிப் படலையோடு திருப்பி அனுப்பினீர்கள். கொழும்பில் தொட்டியிலேயே வளர்ப்பவர்களிடம் சின்னச் சின்னத் துண்டாக வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்தீர்கள். அந்தப் பையை என்னிடம்கூடப் பிடிக்கத் தரவில்லை.

எதை வைப்பது, எதை விடுவது என்பதுதான் அந்த வருடம் முழுக்க வீட்டில் கதை. மேசையின் ஒரு பக்கத்தில் நான் கணக்குக் கொப்பிகள் திருத்துவேன். மறுபக்கத்தில் நீங்கள் ஒரு கொப்பியில் பேர்களை எழுதி எழுதி வெட்டுவீர்கள். "வடிவைப் பார்த்து எடுக்கக் கூடாது. எது எதோட சீவிக்கும் எண்டு பார்த்துத்தான் எடுக்க வேணும், விளங்குதா உமக்கு?" என்பீர்கள். காளான் பவளமும் தோல் பவளமும் எந்தத் தண்ணீரிலும் கிடந்து தப்பிவிடும். கொம்புப் பவளத்துக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், ஓடுகிற தண்ணீர் வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் செத்துவிடும். நீண்ட விரல்களை நீட்டுகிற சாதி பக்கத்தில் இருப்பதை நஞ்சால் சுடும். அதைச் சுற்றி ஒரு சாண் இடம் விடவேண்டும். விரும்பிக் கேட்காவிட்டாலும் எனக்கு எல்லாம் பாடமாகிவிட்டது. பிள்ளை இல்லாத வீட்டில் அந்த மோட்டர்ச் சத்தம் எனக்கும் ஒரு துணையாகத்தான் இருந்தது, என் அக்கா வரும்வரை.

அக்கா திரியாயிலிருந்து வந்தது கிளினிக்குக்காக. நெஞ்சில் தண்ணீர் கட்டி, நாலடி நடந்தாலே மூச்சு வாங்கிய நாட்கள் அவை. எங்கள் இருவருக்கும் கலியாணம் பேசி முடித்தவளும் அவள்தான். "குடி இல்லை, கதையும் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு கட்டு" என்று எனக்குச் சொன்னவள். அறைக்குள் வெக்கை என்று தொட்டி இருந்த முன் ஹோலிலேயே அவளுக்குக் கட்டில் போட்டோம். படுத்தபடி பவளங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "உன்ர மனுசன் உன்னோட கதைக்கிறதிலும் பார்க்க உதுகளோட கூடக் கதைக்கிறார் போல கிடக்கு" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரித்த பிறகு வெகுநேரம் இருமுவாள்.

அது நாட்டில் மின்சாரமும் இல்லாமல் எரிபொருளும் இல்லாமல் கிடந்த காலம். தொட்டிக்கென்று நீங்கள் வாங்கியிருந்த பற்றரியில் முதலில் மோட்டரும் ஓடியது, அக்காவின் மின்விசிறியும் ஓடியது. போகப் போகப் பற்றரி இளைத்துப்போனது.

அன்றைக்கு மத்தியானம் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது கட்டிலில் அக்கா இல்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துத் தனியாகவே நடந்து போய்க் குசினிப் படியில் குந்தியிருந்தாள். உதடு சாம்பல் பூத்திருந்தது. ஹோலில் மின்விசிறியின் வயர் கழற்றிச் சுற்றி ஒழுங்காகக் கதிரையில் வைக்கப்பட்டிருந்தது. மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் தொட்டிக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"ஃபானைக் கழட்டினது ஆர்?"

"நான்தான். பற்றரி ரெண்டுக்கும் தாங்காது."

"அவவுக்கு மூச்சு வாங்குறது உங்களுக்குத் தெரியேல்லையோ?"

"ஆக்களுக்கு வெளியில போய்க் காத்துப்பட இருக்கலாம். இதுகளுக்கு ஏலாது. கொஞ்சம் யோசிச்சுப் பாரும்."

குரலை உயர்த்தவே இல்லை நீங்கள். கொப்பித் திருத்தத்தில் பிழை காட்டுகிற மாதிரிச் சொன்னீர்கள். நான் குசினிக்குள் போய், கையிலிருந்த கொப்பியாலேயே அக்காவுக்கு விசிறினேன். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"சண்டை பிடிக்காத பிள்ளை. நான் நாளைக்குக் காலமை பஸ்ஸில போறன். ஊரில காத்தெண்டாலும் இருக்கு."

மறுநாள் அவளுடைய பையை பஸ் நிலையம் வரை தூக்கிப் போனதும் நீங்கள்தான். "கவனமாப் போங்கோ அக்கா" என்றீர்களாம். நான் அவளோடு போகவில்லை. பள்ளிக்கூடத்தில் சோதனை என்று வேலைக்குப் போய்விட்டேன். இதை எழுதாவிட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும்.

அதற்குப் பிறகு கிளினிக்குக்கு வர அவளுக்கு வாகனம் கிடைக்கவில்லை. பஸ்களும் குறைந்துவிட்டன. இரண்டு மாதம்கூட இருக்கவில்லை. நெஞ்சு வருத்தம் முற்றித்தான் போனாள் என்று டொக்டர் சொன்னார். ஒரு மின்விசிறியால் செத்தாள் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் என் வீட்டிலிருந்து, தான் பாரமென்று நினைத்துக்கொண்டு போனாள்.

செத்த வீட்டில் கதிரை அடுக்கினீர்கள், பந்தல் பிடித்தீர்கள், ஒரு குறையும் இல்லை. எட்டுச் சடங்கு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு பின்னேரம் கேட்டேன்.

"ஏன் அண்டைக்கு அப்பிடிச் செய்தனீங்கள்?"

தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "அதுகள் செத்தா திரும்பி வராது எண்டு நினைச்சன்."

"அக்காவும் திரும்பி வரேல்ல."

துணியைப் பிழிந்து மற்றப் பக்கத்தைத் துடைக்கத் தொடங்கினீர்கள். அதோடு அந்தக் கதை முடிந்தது. மூன்று வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். கறியில் உப்புக் கூட என்பீர்கள், மழை வரும்போல என்பீர்கள். நானும் பதில் சொல்வேன்.

கொம்புப் பவளம் செத்த மறுநாள், உங்கள் கைபேசியில் இருந்த ஒரு நம்பருக்குக் கோல் எடுத்து, தொட்டியில் இருப்பதையெல்லாம் கொண்டுபோகச் சொன்னேன். கிண்ணியாவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். உங்களிடம் கேட்டுக் கேட்டுத் தானும் ஒரு தொட்டி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பெரிய வாளிகளோடு வந்தார்.

"எல்லாத்தையும் குடுத்திராதீங்க டீச்சர். சின்னத் தொட்டி ஒண்டு வெச்சித் தாறன். எதை விட்டுட்டுப் போக?"

"சுடாததை விட்டுட்டுப் போங்கோ."

அவருக்கு உடனே விளங்கியது. காளான் பவளங்கள் இருந்த கல்லையும் ஒரு தோல் பவளத்தையும் வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக வாளியில் இறக்கினார். போகும்போது, ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்:

"சேர் ஒருநாள் எங்கட கடையில இருந்து அழுதாரு டீச்சர். 'அண்டைக்கு நான் மோட்டரை நிப்பாட்டியிருக்க வேணும்' எண்டு சொன்னாரு. என்ன விஷயமெண்டு நான் கேக்கல்ல."

படலையைச் சாத்திவிட்டு வந்து கதிரையில் இருந்தேன். மனம் இளகவில்லை, கோபம்தான் வந்தது. அந்த வசனம் உங்களிடம் இருந்திருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போய், என்ன விஷயமென்றே தெரியாத ஒருவரிடம் கொடுத்திருக்கிறீர்கள். மேசைக்கு மறுபக்கத்தில் நான் மூன்று வருடம் அதற்காகத்தானே இருந்தேன்.

இப்போது அது என்னிடம் இருக்கிறது, அந்த மனிதர் சொன்னபடியே, அவருடைய குரலில். கொப்பி திருத்தும்போதும் சோறு வடிக்கும்போதும், உங்கள் குரலில் அதைச் சொல்லிப் பார்க்கிறேன். வரமாட்டேன் என்கிறது.