றிஷ்னாவின் கோப்பிலிருந்து திருக்கைக் காயத்தை நீக்கக் கோருதல்

அனுப்புநர்:
ஜ. சித்தி லெய்லா,
ஆசிரியை,
கண்டக்குழி, கற்பிட்டி.

பெறுநர்:
பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்,
புத்தளம்.

விடயம்: தவறான நோய்க்குறிப்பைத் திருத்தி, அவசர பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தல்

மதிப்புக்குரிய ஐயா,

1. என் தங்கை றிஷ்னாவுக்கு முப்பத்து நான்கு வயது. கரையில் கருவாடு காயவைக்கும் வாடியில் வேலை செய்தவர். அவருடைய வலது கை விரல்களிலும் முன்கையிலும் எலும்போடு ஒட்டிய கடினமான கட்டிகளும், அமுக்கினால் பதிகின்ற நீல வீக்கங்களும் உள்ளன. வைத்தியசாலைக் கோப்பில் இவை ‘பழைய திருக்கைக் காயம்’ எனப் பதியப்பட்டுள்ளன. திருக்கை மீனின் முள் பட்ட காயம் என்பது தவறு. வைத்தியசாலையின் பெயரும் கோப்பு இலக்கமும் இணைப்பு 2இல் உள்ளன.

2. பெப்ரவரி முதல் முன்கைக் கட்டியொன்று விரைவாகப் பருத்து, ஓய்விலும் நோகின்றது. மூன்று தடவை அழைத்துச் சென்றேன். மூன்று தடவையும் கோப்பைப் பார்த்துவிட்டு மருந்து கட்டும் அறைக்கு அனுப்பினார்கள். “திருக்கை பட்ட கைக்கு எக்ஸ்ரே என்னத்துக்கு, டீச்சர்?” என்று தாதியொருவர் சிரித்தார். மே 14ஆம் திகதி நீல வீக்கமொன்றைச் சீழ் என்றெண்ணிக் கீறினார்கள். இரத்தம் நிற்கவில்லை. இரண்டு பை இரத்தம் ஏற்றவேண்டியதாயிற்று. அதன் பின்னும் கோப்பு திருத்தப்படவில்லை.

3. வைத்தியசாலையை மட்டும் குறைகூற எனக்கு உரிமையில்லை. திருக்கை என்று அங்கே சொன்னவர் றிஷ்னாதான். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள். 1997இல், அவருக்கு ஆறு வயதாக இருந்தபோது, கொழும்பில் நிபுணரொருவர் ஆங்கிலத்தில் கடிதம் தந்தார். பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த நானே அதைத் தந்தைக்கு வாசித்துச் சொன்னேன். மஃபூச்சி என்னும் அரிய நோய். எலும்புக்குள் குருத்தெலும்புக் கட்டிகள் வளரும், இரத்தக் குழாய்களும் பிழையாக உருவாகும். பரம்பரையாக வருவதில்லை என்றும் அதில் இருந்தது. ஆயினும் அப்போது எனக்கும் எனக்கு மூத்த ராத்தாவுக்கும் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். “வலை தட்டக்குள்ள திருக்கை முள்ளு பட்டதெண்டே சொல்லுங்க” என்றார் தந்தை. எங்கள் கரையில் அதை எவரும் மறுத்துக் கேட்பதில்லை. வீட்டுக்கொருவருக்குப் பட்டிருக்கும்.

4. நான் விலங்கியல் படித்தவள். திருக்கை முள் எலும்புக்குள் வளராது என்பது அன்றும் எனக்குத் தெரியும். இரண்டு கல்யாணங்களும் நடந்தன. கடிதம் அலுமாரியில் இருந்தது. கட்டி திடீரெனப் பருத்தாலோ நொந்தாலோ புற்றுநோயாக மாறியிருக்கக்கூடும், ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம் என்பது அதன் கடைசி வரி. (பிரதி: இணைப்பு 1)

5. கோப்பிலுள்ள குறிப்பை நீக்கி, எலும்புப் புற்றுநோய் நிபுணரிடம் அனுப்பி, ஸ்கேனும் கட்டியிலிருந்து சதைத்துண்டு எடுத்துச் சோதிப்பதும் உடனடியாக நடைபெறத் தாங்கள் கட்டளையிட வேண்டும். அவருக்குத் தரப்பட்டிருக்கும் அடுத்த திகதி ஒக்டோபர் 3. அதுவும் மருந்து கட்டுவதற்கு. ஆறுதல் வார்த்தைகளை நான் எதிர்பார்க்கவில்லை. வேறொரு திகதி வேண்டும்.

6. தங்கள் அலுவலர்கள் றிஷ்னாவை விசாரிக்கக்கூடும் என்பதால், அனுப்புமுன் இம்மனுவை அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். திருக்கை எதுவும் இருக்கவில்லை என்பதை அவர் இதிலிருந்தே அறிந்தார். இரண்டு தடவை வாசித்தார். வலது கையால் பேனை பிடிக்க இயலாததால், கீழே இடது பெருவிரலை வைத்தார்.

இடம்: கண்டக்குழி
திகதி: 2025.07.08

ஜ. சித்தி லெய்லா
(மனுதாரர்)

ஜ. றிஷ்னா
(இடது பெருவிரல் அடையாளம்)