மாமன் வீட்டு மீன்

அன்புள்ள வில்ஃப்ரெட்,

உங்கள் முழங்கால் தேவலையா? எனக்குக் குதூகலம் தாங்கவில்லை. நம் பழங்குடிப் பெண்கள் காணாமற்போகும் நெடுஞ்சாலையில், நாங்கள் போராடிப் பெற்ற பேருந்து இன்று ஓடியது, ஓட்டியவள் நான். வழியில் ஒரு சிறுமி முன்பின் அறியாத ஒருவனின் லாரியில் ஏறப் போனாள். பேருந்தை லாரிக்குக் குறுக்கே நிறுத்தினேன். பேருந்தின் முன்விளக்கு மட்டுமே உடைந்தது.

"ஏறுடி!"

"நீங்க என்ன போலீஸா?"

"போலீஸா இருந்தா இவ்வளவு சீக்கிரம் வந்திருப்பேனா?"

சிரித்தபடி ஏறினாள். எங்கள் பேருந்தில் தாயின் குலத்தைச் சொல்வதே பயணச்சீட்டு. தவளைக் குலமாம்; உங்கள் குலம்!

"அப்போ உன் அம்மாவும் என் வீட்டுக்காரரும் ஒரே குலம்; அவர் உனக்கு மாமன்டி."

"மாமன் மீன் தருவாரா?"

புகையிட்ட சால்மன் மீன் அனுப்புங்கள். உங்கள் கம்பளிச் சட்டையையும் துவைக்காமல் அனுப்புங்கள், இங்கே குளிர். அடுத்த நடைக்கு நேரமாயிற்று. மீன் இரண்டு பங்காக இருக்கட்டும்: நாளையும் அவள் என் பேருந்தில்தான் வருகிறாள்.

வெர்னா